பன்னிரு திங்களும் பன்னிரு நூல்களும்

கல்லூரியிற் பயிலும் மாணவர் கையிற்கொள்ளும் நூல்கள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று பாடத்திட்டம் விதித்த நூல். மற்றொன்று தம் மனம் விரும்பிய நூல். முன்னது தேர்வின் பொருட்டுப் படிக்கப்படுவது; பின்னது இன்பத்தின் பொருட்டுப் படிக்கப்படுவது. இவ்விரண்டும் வேண்டற்பாலனவே. ஆயினும், பிறர் விதித்ததும் அன்றித் தாம் முன்னரே விரும்பியதும் அன்றி, மூன்றாவது வகை நூல் ஒன்று உண்டு. ஒருவர் தம் துறைக்கும் தம் சுவைக்கும் அப்பாற் சென்று, இதனையும் அறிந்து பார்ப்போம் என்று துணிந்து எடுக்கும் நூல் அது. அம்மூன்றாம் வகை நூலுக்கு நம் மாணவர் வாழ்க்கையில் இடம் மிகவும் சுருங்கிவிட்டது. அதற்கு மீண்டும் இடம் தேடிக்கொடுக்கும் எளியதொரு வழியைப் பற்றி இக்கட்டுரையிற் சில கூற விழைகின்றோம்.

ஆண்டின் தொடக்கத்தில் வாசகர் ஒருவர் தமக்குத் தாமே ஒரு வாசிப்பு நோன்பை மேற்கொள்ளும் வழக்கம் இப்பொழுது பல நாடுகளிற் பரவியுள்ளது. இந்நோன்பு இரண்டு வடிவினது. முதலாவது எண்ணிக்கை நோன்பு. இவ்வாண்டில் இத்தனை நூல்களை முடிப்பேன் என்று தொகை குறித்து உறுதி கொள்வது அது. குட்ரீட்ஸ் என்னும் இணையவழி வாசகர் கூட்டம் 2011-ஆம் ஆண்டு முதல் இதனை நடத்தி வருகின்றது. இரண்டாவது வகை நோன்பு. இன்னின்ன வகையைச் சார்ந்த நூல் ஒவ்வொன்று படிப்பேன் என்று இனங்குறித்து உறுதி கொள்வது அது. புக் ரயட் என்னும் குழுவினர் 2015-ஆம் ஆண்டிற்கென வகுத்த பட்டியலில் இவ்வாறு 24 வகைகள் இருந்தன. இவ்விரண்டனுள், எண்ணிக்கை நோன்பு நமக்கு வேண்டுவதில்லை என்பதும், வகை நோன்பை நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் ஓராண்டேனும் மேற்கொள்ளுதல் வேண்டும் என்பதும் நமது கருத்து.

எண்ணிக்கை நோன்பை ஏன் விலக்குகின்றோம்? தொகையையே குறிக்கோளாகக் கொண்டவர் கண் நூலின் பொருளைவிட்டு நூலின் தடிப்பின்மேற் செல்லும். ஐம்பதை எட்டவேண்டும் என்று உறுதி பூண்டவர் ஐந்நூறு பக்க நூலைத் தொடுவாரா? தொடார். மெல்லியனவாகத் தேடி எடுப்பர். அவற்றையும் விரைந்து புரட்டுவர். நுனிப்புல் மேய்தல் என்று நம் முன்னோர் கூறியது இதனையே. மேலும், துப்பறியும் கதையையே விரும்பும் ஒருவர் ஆண்டொன்றுக்கு அறுபது துப்பறியும் கதைகளை முடித்தார் என்றால், அவர் அறுபது நூல்களைப் படித்தவராயினும் ஓர் அலமாரியை விட்டு அகன்றவர் அல்லர். குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுவோர்க்குத் தூரக்கணக்கு எற்றுக்கு?

வகை நோன்பின் பயன் வேறு. அது நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில் ஒரு பகுதியை நம் விருப்பத்தின் கையிலிருந்து பெயர்த்து வேறொரு கையிற் கொடுக்கின்றது. விருப்பம் நல்லதுதான், ஆனால் அது பழகிய வழியிலேயே செல்லும் மாடு போன்றது. தானாக அது புதுவழி புகாது. புறத்தேயிருந்து ஒரு தூண்டுதல் வேண்டும். அத்தூண்டுதல் எத்துணைப் பெரும்பயன் விளைக்கும் என்பதற்கு இரண்டு வரலாறுகளை ஈண்டு எடுத்துக்காட்டுவாம். ஒன்று விஞ்ஞானத்தைச் சார்ந்தது. மற்றொன்று நம் தமிழைச் சார்ந்தது.

இங்கிலாந்து தேசத்து இயற்கை ஆராய்ச்சியாளராகிய சார்லஸ் டார்வின், கடற்பயணத்தினின்றும் 1836-ஆம் ஆண்டிலே மீண்டபின், உயிரினங்கள் எவ்வாறு மாறுகின்றன என்னும் வினாவில் ஆழ்ந்திருந்தார். பறவை, விலங்கு, செடி, கொடி ஆகியவற்றைப் பற்றிய செய்திகள் அவரிடம் குவிந்து கிடந்தன. அவற்றை ஒன்று சேர்த்துக் கோக்கும் நூல் ஒன்றே அகப்படவில்லை. அங்ஙனம் பதினைந்து மாதங்கள் கழிந்தபின், 1838-ஆம் ஆண்டில், பொழுதுபோக்காக மால்தஸ் என்பவரது நூலை எடுத்துப் படித்தார். அது விலங்கு நூலன்று, செடிநூலுமன்று. மக்கட்பெருக்கம் உணவுப்பெருக்கத்தை விஞ்சுவதைப் பற்றிப் பொருளியல் அறிஞர் ஒருவர் 1798-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்ட நூல். அதிற் கூறப்பட்ட வாழ்க்கைப் போராட்டம் என்னும் கருத்து, டார்வின் தேடிக்கொண்டிருந்த நூலிழையாக அமைந்தது. தம் கொள்கைக்கு வேண்டிய அடிப்படை தமக்கு அங்கே கிட்டியது என்று அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். இதனினும் வியப்பு யாதெனில், அதே கொள்கையைத் தனியே கண்ட வாலஸ் என்பவரும், 1858-ஆம் ஆண்டில் மலேயத் தீவுக்கூட்டத்திலே காய்ச்சலுற்றுக் கிடந்தபோது, பல ஆண்டுகட்கு முன் தாம் படித்திருந்த அம் மால்தஸ் நூலை நினைவுகூர்ந்தே அக்கருத்தை எய்தினார் என்பது. உயிர்நூலின் பெருங்கொள்கை ஒன்று, இருவர் உள்ளத்திலும், உயிர்நூல் அல்லாத ஒரு நூலின் வாயிலாகவே முளைத்தது.

இனி, நம் நாட்டு வரலாற்றைக் காண்போம். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டிலே கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவர் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பிலே, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ், தலபுராணம் முதலியவற்றை மிகுதியாகக் கற்றவர். அவ்வாண்டில் அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சந்தித்தபோது, அவர் கற்ற நூல்களின் பெயர்களையெல்லாம் கேட்டுவிட்டு, அவற்றினும் பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்று வினவினார். சீவகசிந்தாமணியைப் பெயர் சுட்டிக் கேட்டார். படித்துப் பொருள்காண வேண்டும் என்றும் தூண்டினார். சிந்தாமணியோ சைன காவியம். சைவச் சூழலிலே கற்ற ஐயருக்கு அதன் சமயக் கருத்துக்கள் புதியன. கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களை அணுகிக் கேட்டுக் கேட்டு அவற்றைத் தெளிந்து, 1887-ஆம் ஆண்டில் அந்நூலை அச்சிற் பதிப்பித்தார். அதன்பின் பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும் அவரால் வெளிவந்தன.

தூண்டியவர் ஒரு தமிழ்ப் புலவர் அல்லர், நீதிமன்ற அலுவலர், என்பதை மாணவர் கருத்திற் கொள்ளவேண்டும். துறைக்கு வெளியே நின்ற ஒருவர், வழக்கமான பட்டியலுக்கு வெளியே இருந்த ஒரு நூலைச் சுட்டினார். அதனால் தமிழகம் தன் பழஞ்செல்வத்தை மீண்டும் பெறும் வழி அகன்றது. ஐயர் தாம் கற்ற நூல்களோடு நின்றிருந்தாலும் நல்ல ஆசிரியர் என்ற புகழுக்குக் குறைவிராது. குறைவு நமக்கே நேர்ந்திருக்கும்.

துறைக்கு அப்பாற் படித்தலின் ஆக்கம் இது. படியாமையின் கேடு யாது? அதற்கும் டார்வினையே சான்றாகக் கொள்ளலாம். முப்பது வயது வரையில், அதன் பின்னும் சிறிது காலம், கவிதை அவருக்குப் பேரின்பம் தந்தது. கடற்பயணத்தின் நடுவே கரையிறங்கிச் செல்லும்போதெல்லாம் மில்டனின் காவியத்தைக் கையோடு கொண்டு சென்றவர் அவர். ஆயினும் 1876-ஆம் ஆண்டில் முதுமையிலே தம் வரலாற்றை எழுதுங்கால், இப்பொழுது கவிதையின் ஓர் அடியையும் படிக்கப் பொறுக்கவில்லை என்றும், ஷேக்ஸ்பியரும் சலிப்புத் தருகின்றார் என்றும், ஓவியத்திலும் இசையிலும் கொண்டிருந்த சுவையும் பெரும்பாலும் போயிற்று என்றும் வருந்தி எழுதினார். நாவல்களை மட்டும் பிறர் படிக்கக் கேட்டு மகிழ்ந்தார். மீண்டும் ஒருமுறை வாழ நேர்ந்தால், வாரத்துக்கு ஒருமுறையேனும் கொஞ்சம் கவிதை படிப்பதும் இசை கேட்பதும் என ஒரு விதி அமைத்துக்கொள்வேன் என்பது அவர் கூறிய முடிவு.

அன்பர்காள், இதில் 'விதி' என்னும் சொல்லைக் கவனிமின். உலகு போற்றும் பேரறிஞர் ஒருவர், விருப்பம் ஒன்றையே நம்பியிருந்தமையால் தம்மிடமிருந்த சுவை தேய்ந்துபோயிற்று என்று கண்டு, விதி ஒன்று வேண்டியிருந்தது என்கின்றார். பயன்படுத்தாத கை மெலிவது போலப் பயன்படுத்தாத சுவையும் மெலியும். பதினெட்டு வயதில் இயற்பியல் மாணவர் ஒருவர் பாட்டை விடுகின்றார். தமிழ் மாணவர் ஒருவர் கணக்கை விடுகின்றார். பின்னர் எடுத்துக்கொள்ளலாம் என்றே இருவரும் எண்ணுகின்றனர். பின்னர் என்பது எளிதில் வருவதில்லை. வந்தாலும் எடுக்கும் ஆற்றல் அப்பொழுது இருக்குமென்பதற்கு உறுதியில்லை.

நம் வாசிப்புக் குறுகியிருப்பது நமக்கே தெரிவதில்லை என்பது மற்றொரு துன்பம். இலண்டன் நகரத்து எழுத்தாளராகிய ஆன் மார்கன் என்னும் அம்மையார், இலக்கியம் பயின்றவர், நிரம்பப் படிப்பவர். ஒருநாள் தம் வீட்டு அலமாரியை உற்று நோக்கியபோது, அங்கிருந்த நூல்கள் ஏறத்தாழ எல்லாம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை என்றும், மொழிபெயர்ப்பு மிக அரிது என்றும் கண்டார். 2012-ஆம் ஆண்டு முழுவதும் உலகத்து நாடு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூல் படிப்பது என்று நோன்பு பூண்டார். வாரத்துக்கு ஏறத்தாழ நான்காக 197 நூல்களை முடித்தார். இதில் அவர் அறிந்த உண்மை, தனியொருவராக இதனைச் செய்ய இயலாது என்பது. கோலாலம்பூரிலிருந்து முன்பின் அறியாத ஒருவர் தம் நாட்டு நூலைத் தாமே தேர்ந்து அஞ்சலில் அனுப்ப முன்வந்தார். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சாவோ தோமே பிரின்சிப்பே என்னும் சிறு தீவு நாட்டின் கதைநூல் ஒன்றும் ஆங்கிலத்தில் அகப்படாதபோது, போர்த்துக்கீச மொழி அறிந்த அன்பர் சிலர் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு ஒரு நூலை அவருக்காகவே மொழிபெயர்த்துக் கொடுத்தனர். ஒருவர் அறியாததை அறிய முற்படுங்கால், அறிந்தவர் உதவ முன்வருவர் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் மாணவர் 197 நூல்களைப் படிக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. திங்களுக்கு ஒன்றாகப் பன்னிரண்டே போதும். பன்னிரண்டு வகைகளை எங்கே தேடுவது என்று வினவுவோர்க்கு, நூல்நிலையத்தின் அலமாரிகளே விடை கூறும்.

அமெரிக்க நாட்டு ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் மாணவராகப் பயின்றுகொண்டே அதன் நூல்நிலையத்திற் பணிபுரிந்தவர் மெல்வில் டூயி. அவர் மனித அறிவு முழுவதையும் பத்துப் பெரும்பிரிவாக்கி, ஒவ்வொன்றுக்கும் நூறு எண்கள் வழங்கி, 1876-ஆம் ஆண்டில் ஒரு பகுப்புமுறையை வெளியிட்டார். பொதுநூல், தத்துவம், சமயம், சமுதாயம், மொழி, இயற்கை விஞ்ஞானம், தொழில்நுட்பம், கலை, இலக்கியம், வரலாறும் நிலநூலும் என்பன அப்பத்து. கல்லூரி நூல்நிலையம் ஒன்றிற் பிறந்த இம்முறை கல்லூரி மாணவர்க்குப் பொருத்தமான ஏணியன்றோ? பத்துப் பிரிவுக்குப் பத்துத் திங்கள். எஞ்சிய இரண்டு திங்களை நம் நாட்டு நிலைக்கேற்ப நாமே வகுத்துக்கொள்ளலாம்.

எந்தப் பகுப்பும் வகுத்தவர் நின்ற இடத்திலிருந்தே உலகை நோக்கும். டூயியின் முறையில் ஆங்கில இலக்கியத்திற்கு 820 முதல் 829 வரை பத்து எண்கள் அமைய, ஈராயிரம் ஆண்டு வளமுடைய தமிழிலக்கியம் 894.811 என்னும் புள்ளிக்கப்பாற்பட்ட மூலையில் அமர்கின்றது. சமயப் பிரிவிலும் பெரும்பகுதி கிறித்தவத்துக்கே சென்று, ஏனைய சமயங்கள் அனைத்தும் 290 என்னும் ஒரே பகுதியில் நெருங்கி நிற்கின்றன. ஆகலின் அலமாரியின் அளவைக் கண்டு அறிவின் அளவை மதிப்பிடலாகாது. இக்குறைகளை நன்குணர்ந்து வேறொரு முறை வகுத்த பெரியார், சீகாழியிற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற எஸ். ஆர். ரங்கநாதன் ஆவர். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்து, 1931-ஆம் ஆண்டில் நூலகத்தின் ஐந்து விதிகளையும், 1933-ஆம் ஆண்டில் தம் புதிய பகுப்பையும் வெளியிட்டார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் ஒருவர் உண்டு என்பது அவ்வைந்தனுள் ஒன்று. கணிதத்தை விட்டு நூல்களிடம் வந்த அவரே துறைகடந்த கல்விக்கு ஒரு சான்றாவர்.

இனி, பன்னிரு திங்களுக்கும் உரிய நூல்களை, விதியாக அன்றி எடுத்துக்காட்டாகச் சுட்டுவாம். பொதுநூற் பிரிவில், ஆ. சிங்காரவேலு முதலியார் அரிதின் முயன்று தொகுத்து 1910-ஆம் ஆண்டில் வெளிவந்த அபிதான சிந்தாமணியிலோ, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதியிலோ, நாளும் சில தலைப்புக்களைப் படிக்கலாம். தத்துவத்தில், வெ. சாமிநாத சர்மா தமிழாக்கிய பிளேட்டோவின் அரசியல் உண்டு. சமுதாயப் பிரிவில், டாக்டர் அம்பேத்கர் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலைப் படிக்கலாம். அது சொற்பொழிவாக எழுதப்பெற்று, மேடையேறாது போய், நூலாக வந்தது. மொழிப் பிரிவில், கால்டுவெல் 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் உண்டு. விஞ்ஞானத்தில், டார்வினது 1859-ஆம் ஆண்டு நூலுக்கு அஞ்சுவோர் பெ. நா. அப்புசாமி எளிய தமிழில் எழுதிய அறிவியல் கட்டுரைகளிலிருந்து தொடங்கலாம்.

தொழில்நுட்பப் பிரிவில் மருத்துவம், வேளாண்மை, சமையல் எல்லாம் அடங்கும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்துத் தமிழில் மருத்துவ நூல்களை வெளியிட்டார் என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்? கலைப்பிரிவில், தஞ்சையில் மருத்துவராக விளங்கிய ஆபிரகாம் பண்டிதர் 1917-ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் இசைக்கடலாகவே விளங்குகின்றது. அப்பெருநூலின் ஒரு பகுதியைப் படித்தாலும் போதும். இலக்கியத்தில், பாடப்பகுதியாக வந்த சில பாட்டுக்களோடு விட்டுவிட்ட குறுந்தொகையை முழுதும் படித்துப் பார்க்கலாம். வரலாற்றில், புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு உண்டு. அதில் அரசியற் சூழ்ச்சியும் அங்காடி விலையும் ஒருங்கே கிடைக்கும்.

சமயப் பிரிவைத் தனியே வைத்தோம். அதற்குக் காரணம் உண்டு. அத்திங்களில் தம் சமயத்து நூலைப் படித்தல் கணக்கில் வாராது என்பது நாம் வற்புறுத்தும் விதி. சைவர் தேம்பாவணியையும், கிறித்தவர் சீறாப்புராணத்தையும், இசுலாமியர் பெரியபுராணத்தையும், எச்சமயமும் வேண்டாதார் மணிமேகலையையும் எடுப்பாராக. ஒரே வகுப்பில் ஒரே பலகையில் மூன்றாண்டு அமர்ந்திருந்து, அருகிலிருப்பவர் வீட்டிற் போற்றப்படும் நூலின் பெயரையும் அறியாமற் பிரிந்து செல்வது கல்வியாகுமா? பிற சமயத்தாரைப் பற்றிப் பிறர் கூறும் அவதூறுகள் நாள்தோறும் கைப்பேசி வழியே நம்மை வந்தடைகின்றன. அவர்தம் நூல்களோ நாமே சென்று எடுத்தாலன்றி வருவதில்லை. அவதூறு நம்மைத் தேடி வரும்போது, உண்மையை நாம் தேடிச் செல்லாதிருத்தல் தகுமா?

பதினோராம் திங்கள் மொழிபெயர்ப்புக்கு உரியது. தகழியின் செம்மீன் என்னும் மலையாள நாவலைச் சுந்தர ராமசாமி தமிழில் தந்துள்ளார். அதுபோன்று அண்டை மொழி ஒன்றிலிருந்து வந்த நூலை எடுக்கலாம். பன்னிரண்டாம் திங்களில் நூலைத் தேர்வது படிப்பவர் அல்லர், பிறர். வீட்டிலுள்ள பாட்டியாரோ, வேறு துறை நண்பரோ, நூல்நிலைய அலுவலரோ தேர்ந்து தருவதை மறுக்காமற் படிக்கவேண்டும். இராமசாமி முதலியார் ஐயருக்குச் செய்த உதவியை நமக்குச் செய்யவல்லார் நம்மைச் சுற்றியும் உளர். நாம் கேட்பதில்லை என்பதே குறை.

இந்நோன்புக்கு வேறு விதிகள் மிகுதியாக வேண்டா. நூல்நிலையத்தில் கிடைப்பதை விலைக்கு வாங்கவேண்டுவதில்லை. ஒவ்வொரு நூலையும் முடித்தவுடன் ஒரு பக்க அளவில் குறிப்பெழுதுக. அதில் நூலின் சுருக்கம் வேண்டா; நாம் முன்னர் எண்ணியிருந்ததற்கு மாறாக இந்நூல் கூறியது யாது என்னும் ஒரு வினாவுக்கு விடை எழுதுக. இயலுமாயின் வேறு துறை மாணவர் ஒருவரோடு இணைந்து படிக்க. விலங்கியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒருங்கமர்ந்து குறுந்தொகையைப் படித்தால், அதில் வரும் பறவைகளையும் விலங்குகளையும் முன்னவரும், பாட்டின் துறையைப் பின்னவரும் விளக்கிக்கொள்ளலாம்.

இதற்கு ஒருசாரார் சில தடைகளைக் கூறுவர். நேரம் இல்லை என்பது முதல் தடை. நூலொன்றுக்கு 250 பக்கம் என்று கொண்டால் பன்னிரண்டு நூல்களுக்கு 3,000 பக்கம். அதனை 365 நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஒன்பது பக்கமும் ஆகாது. தேர்வுக் காலத்தை முற்றும் விலக்கி 300 நாட்களுக்கே கணக்கிட்டாலும் பத்துப் பக்கமே. பேருந்திலும் தொடர்வண்டியிலும் கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு அப்பயணமே போதுமானது.

பலதுறையிலும் கைவைத்தல் எதிலும் ஆழமின்மைக்கு இடமாகும் என்பது இரண்டாம் தடை. ஒருவர் தம் துறையை விட்டுவிட்டு இங்ஙனம் திரிவாராயின் அத்தடை பொருந்தும். நாம் கூறுவதோ துறையை ஊன்றிப் பற்றிக்கொண்டே திங்களுக்கு ஒருமுறை வெளியே சென்று வருதலை. டார்வினும் ஐயரும் தத்தம் துறையில் ஆழ்ந்தவர் அல்லர் என்று எவரே கூறுவர்? ஆழ்ந்திருந்தமையாலேயே வெளியிலிருந்து வந்த பொறி அவர்களிடம் பற்றிக்கொண்டது.

மூன்றாவது தடை சற்று வலியது. வாசிப்பு இன்பத்தின் பாற்பட்டது. அதனை விதியாக்கினால் இன்பம் கெடும். பாடநூற் சுமையின்மேல் இன்னொரு சுமையாகும் என்பர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆகலின் இந்நோன்பைக் கல்லூரி கட்டாயமாக்கலாகாது; மதிப்பெண் வழங்கலாகாது; பரிசும் வேண்டா. மதிப்பெண் புகுந்த இடத்தில் நூலின் சுருக்கத்தை விலைக்கு வாங்கும் வழக்கமும் பின்தொடரும். மற்றும், மூன்றாம் திங்களில் எடுத்த ஒரு நூல் ஒருவர் உள்ளத்தை முற்றும் கொள்ளைகொண்டு, எஞ்சிய ஒன்பது திங்களும் அந்நூலையும் அதன் சுற்றத்தையுமே அவர் படித்திருப்பாராயின், அவர் நோன்பிற் தவறியவர் அல்லர். அதன் பயனை விரைவில் எய்தியவர். ஏணி மாடிக்கு ஏறுதற்கு, ஏணியிலேயே நிற்பதற்கன்று.

ஆசிரியப் பெருமக்களிடமும் பழைய மாணவரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறை வகுப்பிலே தம் பாடத்தைச் சாராத நூல் ஒன்றைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவாராக. வேதியியல் ஆசிரியர் தாம் விரும்பும் நாவலைப் பற்றிப் பேசும்போது மாணவர் அடையும் ஊக்கம், இலக்கிய ஆசிரியர் அதனையே பேசும்போது அடைவதினும் பெரிது. பழைய மாணவர், தம் தொழிலில் நின்று தமக்குப் பயன்பட்ட நூல் ஒன்றின் படியைத் தம் பெயரெழுதி நூல்நிலையத்துக்கு அனுப்புவாராக. மருத்துவமனையிலும் வயலிலும் நீதிமன்றத்திலும் இருந்து வரும் நூல்கள் பாடத்திட்டம் காணாத கதவுகளைத் திறக்கும்.

மாணவ நண்பர்காள்! கல்லூரி வாழ்வு மிகக் குறுகியது. பெரும்பாலான பட்டப்படிப்புக்களில் பகுதி ஒன்று தமிழ்கூட நான்கு பருவங்களோடு முடிந்துவிடுகின்றது. அதன்பின் துறையன்றி வேறில்லை. துறைக்குப்பின் தொழிலன்றி வேறில்லை. ஒரு கூரையின் கீழ் பத்து அலமாரிகளும் உங்களுக்குத் திறந்திருக்கும் காலம் இதுபோல் மற்றொன்று வாய்ப்பது அரிது. அங்கே உங்கள் வருகையை எதிர்நோக்கி நிற்கும் நூல், நீங்கள் இதுவரை எட்டிப் பாராத வரிசையில் இருக்கக்கூடும். வரும் திங்களின் முதல் நாளில், வழக்கமாக நிற்கும் அலமாரியைக் கடந்து அடுத்ததற்குச் செல்லுங்கள். ஒரு நூலை எடுங்கள்; நாளும் பத்துப் பக்கம் படியுங்கள். ஆண்டு முடிவில் உங்கள் குறிப்பேட்டில் பன்னிரண்டு பக்கங்கள் நிரம்பியிருக்கும். அவற்றுள் ஒன்றேனும் உங்கள் பிற்கால வாழ்வுக்கு வழிகாட்டுமாயின், அவ்வாண்டு நற்பயன் எய்திய ஆண்டேயாகும்.